காலைதோறும் ஒரு விறகு

தியானப் பகுதி: லேவியராகமம் 6:8–13



சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில், சபையிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு வேதவாசிப்பு அட்டவணையைக் கொடுத்தேன். கிழமை நாட்களில் மூன்று அதிகாரம், கர்த்தருடைய நாளில் ஐந்து அதிகாரம். வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1,196. வேதாகமத்தின் மொத்த அதிகாரங்கள் 1,189. கணக்கு அழகாகச் சரிவந்தது. "இந்த ஆண்டில் வேதத்தை முழுவதும் வாசித்து முடிப்பேன் என்று தீர்மானிக்கிறவர்கள் கைகளை உயர்த்துங்கள்" என்றேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. மகிழ்ச்சியோடு ஆசீர்வாதம் கூறி அனுப்பினேன்.

மார்ச் மாதம், லெந்து நாட்களின் வீட்டுச் சந்திப்பில், நூற்பாலையில் வேலைசெய்யும் ஒரு சகோதரரின் வீட்டுக்குச் சென்றேன். ஐந்தாறு வாரங்களாக அவர் ஆராதனையில் காணப்படவில்லை. உடல்நலக் குறைவோ, வேலைப்பளுவோ என்று எண்ணியிருந்தேன். அவர் உள்ளே சென்று அந்த அட்டவணையை எடுத்து வந்து என் முன் வைத்தார். ஜனவரி 29 வரையில் ஒவ்வொரு கட்டத்திலும் குறியிட்டிருந்தார். அதற்குப் பின் எல்லாம் வெறுமை.

"நாப்பத்தொரு நாள் பாக்கி இருக்குதுங்க ஐயா. மொத்தம் 135 அதிகாரம். கூட்டிப் பாத்துட்டேன். இத்தனையும் பாக்கி வச்சுக்கிட்டு எந்த முகத்தோட திருவிருந்துக்கு வர்றது?" என்றார்.

அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட் மாறியிருந்தது. ஒரு நாள் தவறியது. மறுநாள் ஆறு அதிகாரம் வாசித்தாக வேண்டியிருந்தது, முடியவில்லை. மூன்றாம் நாள் ஒன்பதாயிற்று. ஒரு வாரத்துக்குப் பின் வேதாகமத்தைத் திறக்கவே மனம் கூசிற்று. பிறகு, திறக்காத வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு வரவும் கூசிற்று. கடன் கொடுத்தவர் வரும் தெருவைத் தவிர்த்து நடக்கும் மனிதரைப்போல அவர் தேவனுடைய வீட்டைத் தவிர்த்து நடந்தார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது உலக ஆசையோ துர்ச்சிநேகமோ அன்று. நான் கொடுத்த காகிதம்.

நான் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டுக் கேட்டார்: "ஐயா, நீங்க இப்ப எத்தனாவது அதிகாரத்துல இருக்கீங்க?"

சிறிது நேரம் என்னால் பேச இயலவில்லை. ஞாயிறு பிரசங்கத்துக்காக வேதத்தைத் திறந்தேன். அடக்க ஆராதனைக்காகத் திறந்தேன். வீட்டுச் சந்திப்பில் வாசிப்பதற்காகத் திறந்தேன். என் சொந்த ஆத்துமாவுக்கென்று திறந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. என் அட்டவணை அவருடையதற்கும் முன்பாகவே, யாத்திராகமத்தில் நின்றுபோயிருந்தது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் முகத்தில் நான் அஞ்சிய இகழ்ச்சி தோன்றவில்லை; பாரம் சற்று இறங்கியதுபோல இருந்தது. இருவருமாக வேதாகமத்தைத் திறந்தோம். அவர் நிறுத்தியிருந்த இடம் லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்தின் முடிவு. ஆகவே ஆறாம் அதிகாரத்தை வாசித்தோம். அன்று அந்தப் பகுதி எனக்குக் கற்றுக்கொடுத்ததையே இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நெருப்பு அவருடையது

லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் சர்வாங்க தகனபலியின் பிரமாணத்தைச் சொல்லுகிறது. பலிபீடத்தின்மேல் அக்கினி இராமுழுதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அது ஒருபோதும் அவிந்துபோகக் கூடாது. ஆசாரியன் காலைதோறும் அதன்மேல் விறகு இட வேண்டும். இக்கட்டளையை அந்தச் சில வசனங்களுக்குள்ளேயே கர்த்தர் திரும்பத் திரும்பக் கூறுகிறார்.

அந்த அக்கினி எங்கிருந்து வந்தது என்பதை 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்லுகிறது. ஆரோனும் அவன் குமாரரும் ஊழியத்தைத் தொடங்கிய நாளில், கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டுப் பலியைப் பட்சித்தது. ஜனங்கள் அதைக் கண்டு ஆரவாரித்து முகங்குப்புற விழுந்தார்கள். மனிதர் கல்லோடு கல்லை உரசி மூட்டிய நெருப்பன்று அது. ஆனால் அந்த அக்கினியை அனுப்பிய தேவன் விறகை அனுப்பவில்லை. விறகை மனிதன் சுமந்து வரவேண்டும். அதுவும் ஒவ்வொரு காலையிலும்.

நம்முடைய அனுதின ஜெபத்தையும் வேதவாசிப்பையும் பற்றி சபைகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். "நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம், நேரம் குறித்து ஜெபிப்பது நியாயப்பிரமாணம், ஆவியானவர் ஏவும்போது ஜெபித்தால் போதும்" என்பது ஒன்று. "எவ்வளவு அதிகம் ஜெபிக்கிறாயோ, எவ்வளவு அதிகம் வாசிக்கிறாயோ, அவ்வளவுக்கு உன் ஆவிக்குரிய ஜீவியம் உயரும்" என்பது மற்றொன்று. முதல் பேச்சு விறகை மறந்துவிடுகிறது. இரண்டாவது பேச்சு, விறகை அடுக்கினால் நெருப்பு தானாக உண்டாகும் என்று எண்ணுகிறது. அக்கினி தேவனுடைய ஈவு. அதை நாம் சம்பாதிக்கவில்லை; சம்பாதிக்கவும் முடியாது. விறகு நம்முடைய கடமை. அதை அவர் நமக்குப் பதிலாகச் செய்வதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறவனுக்குப் பெருமைக்கும் இடமில்லை, சோம்பலுக்கும் இடமில்லை.

முதலில் சாம்பலை அகற்றவேண்டும்

இதே பகுதியில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு காரியம் உண்டு. ஆசாரியன் காலையில் பலிபீடத்தண்டையில் வந்ததும் முதலில் செய்வது சாம்பலை எடுப்பது. சணல்நூல் அங்கியைத் தரித்து, இரவு முழுவதும் எரிந்த பலியின் சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் வைக்கிறான். பிறகு வஸ்திரத்தை மாற்றி, அதைப் பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோகிறான். நேற்றைய சாம்பலின்மேல் இன்றைய விறகை அடுக்குவதில்லை. அடுப்பெரித்துப் பழகிய நம் தாய்மார்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. சாம்பலை அள்ளாத அடுப்பு புகையும், நன்றாக எரியாது.

அந்தச் சகோதரரின் பலிபீடத்தில் 41 நாட்களின் சாம்பல் குவிந்திருந்தது. அதை அகற்ற ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அதையே மறுபடியும் எரிக்கும்படி என் அட்டவணை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிரியமானவர்களே, என் கருத்தை மறைவின்றிச் சொல்லுகிறேன். தேவனுக்கு முன்பாக அனுதின தியானத்தில் பாக்கி என்று ஒன்று இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தந்த நாளுக்குரியதை அந்தந்த நாளில் சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஓமேர். ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மாத்திரம் இரட்டைப் பங்கு. மறுநாளுக்கென்று வைத்துக்கொண்டவர்களுடைய மன்னா பூச்சி பிடித்து நாறிற்று என்று யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. நேற்றுக்கான மன்னாவை இன்று சேர்க்கும்படி யாரும் கட்டளையிடப்படவில்லை. நம்முடைய கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் அன்றன்றுள்ள அப்பத்தைத்தான் கேட்கிறோம்; போன வாரத்தின் அப்பத்தைக் கேட்பதில்லை. நேற்று சாப்பிடாதவன் இன்று இரண்டு நாள் உணவை உண்ணத் தேவையில்லை. இன்று சாப்பிட உட்கார்ந்தால் போதும்.

சாம்பலை அகற்றுவது என்றால் தவறை அலட்சியம் செய்வது என்று பொருளல்ல. நேற்று ஜெபிக்கவில்லை என்பதைக் கர்த்தரிடம் ஒரு வாக்கியத்தில் அறிக்கையிடுங்கள். அவர் மன்னிப்பதில் உண்மையுள்ளவர். பிறகு இன்றைய பகுதியைத் திறவுங்கள். ஆசாரியன் சாம்பலைச் சுமந்துகொண்டே நாள் முழுவதும் நிற்கவில்லை.

நேற்றைய வெற்றியும் சாம்பலே. இப்போது கைப்பேசியில் வேதம் வாசிக்கிற அநேகருக்கு, தொடர்ச்சியாக எத்தனை நாள் வாசித்தார்கள் என்பதைச் செயலிகள் எண்ணிக் காட்டுகின்றன. இருநூறு நாட்கள் என்று காணும்போது உள்ளம் குளிர்கிறது. ஒரு நாள் தவறி அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பினால், அந்த இருநூறு நாட்களில் பெற்றதெல்லாம் போயிற்று என்று சோர்ந்துபோகிறோம். கர்த்தர் அப்படி எண்ணுவதில்லை. அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று எரேமியா புலம்பலின் நடுவிலே எழுதினார். எருசலேம் இடிந்து கிடந்த நாட்களில் எழுதப்பட்ட சாட்சி அது. எல்லாம் பூஜ்யமாய்த் தோன்றிய இடத்திலும் காலை வந்தது.

அட்டவணை எழுதிய போதகர்

வேதவாசிப்பு அட்டவணைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றும் உலகெங்கும் பயன்படும் அட்டவணை ஒன்றை எழுதியவர், ஸ்காட்லாந்து தேசத்தின் டண்டீ பட்டணத்தில் புனித பேதுரு ஆலயத்தின் போதகராயிருந்த இராபர்ட் முர்ரே மெக்செய்ன். 1842-ஆம் ஆண்டின் முடிவில், வரப்போகும் ஆண்டுக்கென்று தம் சபையாருக்கு அதை ஆயத்தம்செய்தார். ஓர் ஆண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் வாசிக்கத்தக்கதாக அது அமைந்தது.

அந்த அட்டவணையின் நன்மைகளைக் கூறுவதற்கு முன்பாக, அதனால் உண்டாகக்கூடிய ஆபத்துகளை அவர் வரிசையாக எழுதினார். வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம். குறித்த பகுதியை முடித்தவன் தன்னை நீதிமானாக எண்ணலாம். கவனமின்றி வாசிக்கும் பழக்கம் வரலாம். சிலருக்கு அது சுமக்கமுடியாத நுகமாகலாம். இந்த நான்காம் எச்சரிக்கையை நான் ஊழியத்தின் தொடக்கத்திலேயே கற்றிருந்தால், அந்தச் சகோதரர் 41 நாட்கள் தனியே வெட்கப்பட்டிருக்கமாட்டார். மெக்செய்ன் மந்தையை அறிந்து எச்சரித்தார். நான் கணக்கை மட்டும் பார்த்தேன்.

இன்னொரு காரியமும் என்னைத் தொடுகிறது. அந்த அட்டவணை தொடங்கிய 1843-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி, மெக்செய்ன் நச்சுக்காய்ச்சலால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது அவருக்கு வயது 29. தாம் எழுதிய அட்டவணையின் முதல் ஆண்டில் மூன்று மாதங்கூட அவருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர் பாக்கியோடு மரித்தார் என்று யார் சொல்லுவார்? அந்தந்த நாளின் பகுதியோடு அவர் தம் எஜமானைச் சந்திக்கப் போனார். நம்மில் எவருக்கும் அதற்குமேல் வாக்குப்பண்ணப்படவில்லை.

சத்துருவுக்கும் தெரிந்த இடம்

அப்படியானால் எவ்வளவு வாசிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அளவைக் காட்டிலும் நிலையான இடமும் வேளையுமே முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

தானியேலின் சத்துருக்கள் அவர்மேல் குற்றங்காண வகைதேடியபோது, அவருடைய ஜெபப்பழக்கம் ஒன்றே அவர்களுக்கு அகப்பட்டது. முப்பது நாளளவும் ராஜாவைத் தவிர வேறெவரிடத்திலும் விண்ணப்பம் செய்யலாகாது என்ற கட்டளை பிறந்தது. தானியேல் அதை அறிந்தும், எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்த தம் மேலறையில், முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். அவர் எப்போது, எங்கே ஜெபிப்பார் என்பது சத்துருக்களுக்கே தெரிந்திருந்தது. சிங்கக்கெபியின் முன்னே நின்றபிறகு அவர் ஜெபிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நெடுங்காலம் மண்டியிட்ட முழங்கால்கள் அன்றும் தங்கள் இடத்தை அறிந்திருந்தன.

நம் கர்த்தரையும் பாருங்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அவர் வழக்கத்தின்படியே ஒலிவமலைக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். அவர் சீஷரோடு அங்கே அடிக்கடி கூடிவந்தபடியால் யூதாசும் அந்த இடத்தை அறிந்திருந்தான் என்று யோவான் எழுதுகிறார். எருசலேம் முழுவதும் தேடவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. இயேசு எங்கே ஜெபிப்பார் என்று அவனுக்குத் தெரியும். தாம் அங்கே கண்டுபிடிக்கப்படுவார் என்பதை அறிந்தும் கர்த்தர் அந்த இடத்தை மாற்றவில்லை.

உங்களைத் தேடி ஒருவர் வந்தால், "இந்த நேரத்தில் அம்மா ஜெபித்துக்கொண்டிருப்பார்கள், சற்று உட்காருங்கள்" என்று உங்கள் பிள்ளைகள் சொல்லும்படி ஒரு வேளை உண்டா? ஐந்து நிமிடமாயினும் அப்படிப்பட்ட வேளை ஒன்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபத்துக்கு வந்து மற்ற நாட்களில் மௌனமாயிருப்பதைப் பார்க்கிலும், அந்த ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தை அதிகமாய்க் கட்டும்.

ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கும், கைக்குழந்தையுள்ள தாய்மார்களுக்கும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கடிகாரத்தோடு உடன்படிக்கை செய்ய இயலாது. அந்த நூற்பாலைச் சகோதரருக்கு அதிகாலை என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆகவே நாங்கள் மணியைக் குறிக்கவில்லை. எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் அவர் தவறாமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. கைகால் கழுவி, தேநீருக்காக உட்காருவார். அந்தத் தேநீருக்கு முன் ஒரு பகுதி, ஒரு சிறு ஜெபம் என்று தீர்மானித்தோம். நீங்களும் தினம் தவறாமல் செய்யும் ஒன்றோடு உங்கள் ஜெபவேளையைக் கட்டிவையுங்கள். நாள் எப்படி மாறினாலும் அது அதனோடேகூட வரும்.

அளவு சிறியதாயிருக்கட்டும். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் முழு வேதாகமத்துக்கும் மூன்றேகால் ஆண்டு ஆகும், ஆகட்டும். மாற்கு சுவிசேஷத்தை 16 நாட்களில் முடிக்கலாம். 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள். 119-ஆம் சங்கீதத்திலோ 176. அதிகாரக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. பசித்த ஆத்துமாவுக்கு அப்படியல்ல.

விறகைத் தனியே சுமக்கவேண்டாம்

சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்த ஜனங்கள் நெகேமியாவின் நாட்களில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பலிபீடத்தின்மேல் எரிவதற்கான விறகை எந்தக் குடும்பம் எந்தக் காலத்தில் கொண்டுவருவது என்று, ஆசாரியரும் லேவியரும் ஜனங்களுமாகச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தார்கள் (நெகேமியா 10:34). விறகு இடுவது ஆசாரியனின் வேலை. ஆனால் விறகு முழு ஜனத்தாரிடமிருந்தும் வந்தது.

நம்முடைய வீடுகளில் மாலைநேரக் குடும்ப ஜெபம் குறைந்துவருகிறது. அவரவர் கைப்பேசியில் அவரவர் தியானம் என்றாகிவிட்டது. அதில் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் விறகு கொண்டுவருவது கூடிஜெபிக்கும் வீட்டில்தான் நடக்கும். அந்தச் சகோதரர் விழித்திருக்கமுடியாத நாட்களில் இப்போது அவருடைய மகள் அந்தப் பகுதியைச் சத்தமாய் வாசிக்கிறாள். அவர் கண்களை மூடிக் கேட்கிறார். அதுவும் விறகே.

மறு ஆண்டின் கடைசி இரவில் நான் அட்டவணை கொடுக்கவில்லை. சேகரக் கமிட்டியில் சிலர் வருந்தினார்கள். "தீர்மானத்தைக் குறைத்தால் ஜனங்கள் இன்னும் குறைத்துக்கொள்வார்கள் ஐயா" என்றார் ஒரு மூப்பர். அவருடைய கவலை உண்மையானது. நான் அதைத் தள்ளிவிடவில்லை. எளிதான வழியைத் தேடும் மாம்சம் நம் எல்லாரிடமும் உண்டு. முழு வேதத்தையும் வாசிக்கும் பெலன் உள்ளவர்கள் வாசிக்கட்டும். அட்டவணை கேட்டவர்களுக்கு அன்றும் கொடுத்தேன். ஆனால் ஜனவரியில் உயர்ந்து பிப்ரவரியில் தாழ்ந்த கைகளை நான் எண்ணிப் பார்த்தேன். தாழ்ந்த கைகளுக்குரியவர்கள் சோம்பேறிகள் அல்லர். பெரும்பாலும் மனச்சாட்சி கூர்மையானவர்கள். அலட்சியமுள்ளவன் பாக்கியைக் கணக்கிடுவதில்லை. கணக்கிட்டு வெட்கப்பட்டு விலகிப்போகிறவன் தேவனை நேசிக்கிறவன். அவனைக் காத்துக்கொள்ளாமல் போவது போதகனுக்குத் தகாது.

அந்தச் சகோதரர் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு வந்தார். 135 அதிகாரங்களில் ஒன்றையும் அவர் கட்டித் தீர்க்கவில்லை. அப்பத்துக்காக நீட்டிய அவருடைய கைகள் காலியாகத்தான் இருந்தன. அப்பத்தை வேறு எந்தக் கைகளால் வாங்கமுடியும்?

இந்த வாரம் நீங்கள் எங்கே நின்றுபோயிருந்தாலும், அந்த இடத்தை எண்ணிக்கொண்டிராதிருங்கள். நாளைக் காலையில் சாம்பலை அகற்றுங்கள். ஒரு விறகை வையுங்கள். அக்கினி அவருடையது.

ஜெபம்: எங்கள் பிதாவே, நாங்கள் தவறவிட்ட நாட்களை உம்முடைய கிருபையின் கையில் ஒப்புக்கொடுக்கிறோம். வெட்கத்தினால் உம்மைவிட்டுத் தூரப்போனவர்களை நீரே தேடிக் கொண்டுவாரும். மற்றவர்களுக்குப் போதித்துத் தங்கள் ஆத்துமாவைப் பசியாய் விட்டுவிடும் உம் ஊழியக்காரர்மேல் இரங்கும். இன்றைய நாளுக்குரிய அப்பத்தை இன்று தாரும். நாளைக் காலையில் எங்களை மறுபடியும் எழுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.